நனைக்காமல் விட்ட மண்

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது, துணியில் சுற்றிய உருண்டை ஒன்று துடைப்பத்தில் தட்டியது. பிரித்துப் பார்த்தேன். பட்டறைப் பீங்கான் மண், கல்லாகக் காய்ந்திருக்கிறது. மேலே உன் இடது கை விரல்கள் நாலும் பதிந்திருக்கின்றன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வாதம் வந்த அன்று செராமிக் பட்டறையில் பொம்மை அச்சில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். வலது கை விழுந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுக் கார் வரவழைத்து, விருத்தாசலத்திலிருந்து நேரே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீடு திரும்பியதும் நீ பட்டறைக்குப் போய் மண் வாங்கி வந்தாய். ஒரு வருஷம் அதை ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையும் மாலையும் என் கையில் திணித்தாய். "நல்லா புடிங்க. சோறு வேணா நான் ஊட்டுவேன், சட்டை பட்டன நீங்கதான் போடணும்" என்பாய். இன்று வரை நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து உனக்கு வந்தது. அடுப்படியில் நின்றபடி, "தல சுத்துதுங்க, கையி மரத்தாப்புல இருக்குது" என்றாய். "பித்தமா இருக்கும், டீ குடிச்சிட்டுப் படு" என்றேன். அதே நோயில் விழுந்து எழுந்த நான்தான் அப்படிச் சொன்னேன். சாயங்காலம் வாய் கோணிய பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

உனக்கும் மண் கொண்டுவந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் மாதமே நீ எழுந்து தோசை சுட்டாய். அன்றைக்கு பிசியோதெரபிக்காரர் வந்தார். "அதான் அடுப்படிக்குப் போயிட்டாளே சார், சரியாயிட்டா. இனிமே வர வேணாம்" என்றேன். "இடது கைய தூக்குறாங்களா?" என்று கேட்டார். நான் உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ வலது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாய். உனக்கென்று எதைத்தான் கேட்டிருக்கிறாய்?

மறுபடி வந்த வாதம் உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "தெனமும் நான்தாண்ணே அக்காவுக்குத் தல பின்னி, ஜாக்கெட்டு ஊக்கு மாட்டிவிட்டேன். ஒரே வூட்ல இருந்துகிட்டு உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. மூன்று வேளையும் உன் கையால் சாப்பிட்டவனுக்குத் தெரியாது.

மண் காயாமலிருக்கச் சுற்றும் ஈரத்துணியைப் பிழிய இரண்டு கை வேண்டும். உனக்காக நான்தான் பிழிந்திருக்க வேண்டும். இது சூளைக்குப் போகாத மண், தண்ணீர் பட்டால் கரைந்து உன் விரல்களும் போய்விடும். அன்றைக்கு நனைக்காமல் விட்டவன், இன்றைக்கு ஈரக் கையோடு இதைத் தொடப் பயந்துகொண்டிருக்கிறேன்.