சிரிப்பு விழுந்த தட்டு

மச்சானுக்கு,

டிங்கரிங் பட்டறையிலிருந்து உங்கள் மைத்துனன் எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொல்வது மரியாதை.

இன்று காலை வெளியூர்க்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவராம். தட்டுக்காரர் என்று பேர் வைத்துவிட்டேன். பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து, கையோடு கொண்டுவந்த பிளேயரில் சுழலவிட்டார். நானும் கேட்டுவிட்டு, "யாருங்க இவன், டிரம்ஸ் அடிக்கச் சொன்னா தகரத்தை உதைக்கிறான்?" என்றேன். அவர் என்னையே பார்த்தார். அப்புறம்தான் உங்கள் குரல் வந்தது. அடித்தவன் நான்தான் மச்சான். அன்றைக்கும் தகரம், இன்றைக்கும் தகரம்.

நம் பேண்டுக்கு நீங்கள் 'கறுப்பு மின்னல்' என்று பேர் வைத்தீர்கள். தெருவில் 'ஃபியூஸ் போச்சு' என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள் கிதாரை மாட்டினால் நாலு வீட்டில் விளக்கு அணையுமே! அந்த பேண்டின் ஒரே தட்டை இப்போது எங்கெங்கோ இருப்பவர்கள் தேடுகிறார்களாம். "இது ஏன் சார் எங்கயுமே கிடைக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். "எங்க மச்சானுக்குக் கோவம் ஜாஸ்தி" என்றேன். அச்சாகி வந்த தட்டுகளையெல்லாம் பெட்டி பெட்டியாகப் பாலத்திலிருந்து நீங்கள் ஆற்றில் கொட்டியதைச் சொன்னேன். மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் எடுத்து வைத்த ஒன்றுதான் தப்பி இவர் கைக்கு வந்திருக்கிறது.

கோபம் எதற்கு என்றும் கேட்டார். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு பெண் சிரிக்கிறாளே, அதற்குத்தான் என்றேன். டேப் தீர்ந்துபோனதால் திரும்பப் பாட வழியில்லை, சிரிப்போடு அச்சாகிவிட்டது. சிரித்தவள் பாடினவரின் பெண்டாட்டி. கேலி செய்தாள் என்று நினைத்து அவர் அதற்கப்புறம் பாடவும் இல்லை, அவளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை என்றேன். அதற்குத் தட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கள்: "சார், தட்டு சேர்க்கிறவங்களுக்கு போன்ல போட்டுக் காட்டினதிலேருந்து, அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாரும் தேடுறாங்க!" உங்கள் பாட்டும் பரவாயில்லையாம்.

இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மறுபடி வெளியிட வேண்டும் என்கிறார். நான் சரி என்றேன். பாஸ் கிதார் வாசித்த நெட்டை, தையல் மெஷினை நிறுத்தாமலே சரி என்றான். பாட்டு உங்களுடையது, நீங்கள் சொல்ல வேண்டும். சிரிப்பு வேண்டாமென்றால் அதை மட்டும் அழித்துவிடவும் முடியுமாம். அதைச் சொல்லும்போது மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். தோளில் துவைத்த துணியோடு நின்று கேட்டாள். "நானா இது? இப்படிக்கூடச் சிரிச்சிருக்கேனா?" என்றாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். ஏன் சிரித்தாய் என்று இத்தனை வருஷத்தில் நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தட்டுக்காரர் கேட்டுவிட்டார். "அந்தக் கடைசி வரியில கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு. அவ்வளவு அழகா இருந்தாரு. சந்தோஷம் தாங்கல, சிரிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். உங்களை அழகு என்று சொன்னது அவள். நான் அதற்குப் பொறுப்பில்லை.

இன்னொன்றும் சொன்னாள். வெளியூரில் வேலை என்று சொல்லி நீங்கள் புறப்பட்ட அன்று, பெட்டியின் அடியில் கம்பளிச் சட்டைக்குள் ஒரு தட்டு இருந்ததாம். எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டிய வீரரே, அது என்ன தட்டு? சாப்பிடுகிற தட்டா?

நான் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே விடுதலை கொடுத்தவன், உங்களுக்குப் புத்தி சொல்லும் அளவுக்குப் படிக்கவில்லை. ஆனாலும் பதிலைத் தபாலில் போடாதீர்கள். தபால்காரருக்கு நம் வீடே மறந்துவிட்டது. சிரிப்பை வைப்பதா அழிப்பதா என்று நேரில் வந்து அக்காவிடம் சொல்லுங்கள். உங்கள் தலையணைக்கு அவள் இன்னும் உறை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். அழுக்காக்கத்தான் ஆளில்லை.

உடம்பு அப்படியே இருக்க, கோபம் மட்டும் இளைத்து, நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
தகரம் தட்டும் மைத்துனன்

பி.கு.: ஒன்றை விட்டுவிட்டேன். தட்டுக்காரர் சாப்பிடப் போனபோது அவருடைய தட்டை ஒரு காரின் பானெட் மேல் வைத்தேன். நல்ல வெயில். பழைய செருப்பு மாதிரி வளைந்துவிட்டது. வளைந்ததை நிமிர்த்துவதுதானே நம் தொழில் என்று, லேசாகச் சூடு காட்டி மரச் சுத்தியலால் ஒரே ஒரு அடி கொடுத்தேன். இப்போது இரண்டாக இருக்கிறது. ஆகவே வரும்போது உங்கள் பெட்டியில் இருப்பதைக் கொண்டுவரவும். தட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத்தான் பொருந்துகிறது.