ஒன்றாம் எண் காலியாக இருந்தது

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பா நலம், பெட்டியும் நலம். எந்தப் பெட்டி என்று கேட்பாய். இந்தக் கடிதம் எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ, அதன் ஜோடி. அது நம் வீட்டுக் கூடத்தில், தையல் மிஷின் இருந்த இடத்தில், நாலு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு அனுப்பியிருப்பதை மாப்பிள்ளை வந்து மாட்டித் தரட்டும். நீ அவசரப்பட்டுத் திருகைக் கழற்றப் பார்க்காதே. அப்பா முறுக்கிய திருகு, உன் பலத்துக்கு அசையாது.

போன தடவை வீடியோ காலில் பேசினோமே, எல்லாம் அன்றைக்குத்தான் தொடங்கியது. "அடுத்த வருஷம் வர்றோம்" என்று அப்பாவுக்குக் கையால் சொல்ல நினைத்தாய். உன் கை "அடுத்த வருஷம் விக்கிறோம்" என்று சொல்லிவிட்டது. எதை விற்கப் போகிறாள் என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் சிரித்தாய். போனை வைத்த பிறகு தன் வேலை மேசைக்குப் போனார். ஏற்கெனவே அராவி முடித்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து மறுபடியும் அராவிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். அவள் கை துருப்பிடிக்கிறது என்று காட்டினார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. பேச ஆள் இல்லாவிட்டால் எந்த மொழியும் நிற்காது. அதுவும் இது எந்தப் பள்ளியிலும் சொல்லித் தராத மொழி. காது கேளாமல் பிறந்த அப்பாவுக்காக அவர் அம்மா ஆரம்பித்தது, கல்யாணமாகி வந்து நான் சேர்த்தது, குழந்தையில் நீ இஷ்டத்துக்குக் கெடுத்தது எல்லாம் கலந்து கிடக்கிறது. உலகத்திலேயே மூன்று பேர்தான் பேசுகிறோம். அதில் ஒருத்தி விற்கிறோம் என்கிறாள்!

அன்றைக்குச் சின்னவள் ஒன்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "தாத்தா ஏன் ஈ வெரட்டுறாரு?" என்று, தானும் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பேத்தி என்ன சொல்கிறாள் என்று அப்பா என்னைக் கேட்டார். தாத்தா சட்டை நன்றாக இருக்கிறது என்கிறாள் என்றேன். இத்தனை வருடத்தில் அவர் மொழியில் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். லேத் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகிற, எண்ணெய்க் கறை பிடித்த சட்டை.

மறுநாள் காலையில் என் கையில் போனைத் திணித்து, என் பேச்சு முழுவதையும் படமெடு, பேத்தி படிக்கட்டும் என்றார். ஒவ்வொரு சொல்லையும் முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை எடுத்தோம். தொண்ணூறாவது சொல்லில் போன் நிரம்பி மூச்சை விட்டது. வேறெங்கும் நகல் எடுக்காத நாற்பது சொல் அதோடு போயிற்று. மாப்பிள்ளை விஷயம் கேள்விப்பட்டு, இணையத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். தங்கமான மனசு. ஆனால் அப்பா, முகம் தெரியாதவன் வீட்டில் என் கையைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. மருத்துவமனை ஆவண அறையை இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அங்கே குழாய் உடைந்து அறையே மிதந்த அன்றும் ஒரு நோயாளியின் விவரம்கூடத் தொலையவில்லை, ஏனென்றால் நகல் எதிர்க் கட்டடத்தில் இருந்தது. அதனால் வீடியோவைச் சேமித்து வைக்க நாமே கட்டும் கணினிப் பெட்டி இரண்டு, ஒன்று இங்கே, ஒன்று உன் வீட்டில் என்று முடிவு செய்தேன். கோப்புகளுக்குப் போடுவதுபோல ஒவ்வொரு வீடியோவுக்கும் எண் போட்டேன். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றாம் எண்ணை மட்டும் காலியாக விடச் சொன்னார் அப்பா. எதற்கு என்றேன். உன் வேலையைப் பார் என்றார்.

கணினிச் சாமான் கடைக்காரர் முதல் நாள் என்னைப் பார்த்ததுமே, போன் ரிப்பேர் பக்கத்துக் கடை என்றார். இல்லை, வீட்டில் சேமித்து வைக்கப் பெட்டி கட்ட வேண்டும் என்றேன். ரெடிமேடாக ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஒரு மாதம் படித்துக் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்து விரித்தேன். ப்ராசசர் சின்னது போதும், வீடியோவை வைத்து எடுக்கத்தானே, கரண்ட் குறைவாகக் குடித்தால் சரி. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஹார்ட் டிஸ்க் இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மெமரி, தப்பு வந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் ரகம் வேண்டும். இதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதெல்லாம் பேங்க்குக்குத்தாம்மா, வீட்டுக்கு எதுக்கு?" என்றார். எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு விரல் மடங்கினால் மாமியார் வாத்தாகிவிடுவார், தப்புக்கு இடமே கிடையாது என்றேன். மனுஷன் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்.

இந்தப் பெருமை இரண்டு நாள்தான் நிலைத்தது. மெமரியை அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியவள், மதர்போர்டு அதற்கு ஒத்துவருமா என்று பார்க்கவில்லை. மாட்டினோம், ஓடவும் ஓடியது, திருத்துகிற வேலை மட்டும் நடக்கவில்லை. அந்த போர்டுக்கு அந்த வித்தை தெரியாதாம். முகத்தைத் தூக்கி எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைக்குப் போய் நின்றேன். அவர் சிரிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அதற்காகவே மற்ற சாமானையும் அங்கேயே வாங்கினேன்.

பெட்டியின் வெளிக்கூடு அப்பாவின் கைவேலை. கடையில் விற்கும் கூடுகளைத் தட்டிப் பார்த்தார், வெறும் தகரம் என்று உதட்டைப் பிதுக்கினார். பட்டறையில் கனமான தகடு வாங்கி வெட்டி, மடக்கி, ஓரமெல்லாம் மழுக்கி, டிஸ்க் உட்காரும் தட்டுக்கு அடியில் ரப்பர் கொடுத்து இரண்டு கூடு செய்துவிட்டார். டிஸ்கின் திருகு மில்லிமீட்டர் கணக்கில் சேரவில்லை. உடனே அளவுகோலை வைத்துப் பார்த்து, இது அங்குலக் கணக்கு என்று கண்டுபிடித்தார். கடைக்காரருக்கே அது தெரியாது, வாயாடி.

இப்போது கேள். நாலு டிஸ்க் வாங்கினோம், பெட்டிக்கு இரண்டு. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றதில் எல்லாம் அப்படியே இருக்கும். கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுக் காட்டினார். அப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. மணிக்கட்டைத் தளர்த்தி இரண்டு விரலை ஆட்டினார். உனக்குத் தெரியுமே, பேரிங் போச்சு என்று அர்த்தம். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார், நானும் கேட்டேன், ஒன்றும் வித்தியாசம் இல்லை. கணினியில் சின்னதாக ஒரு பரிசோதனை ஓட்டிவிட்டு, "பாஸ்மா. ஐயாவுக்கு லேத்துப் பழக்கம், அதான்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. காது கேட்காதவருக்கு ஒன்றும் தெரியாது என்கிற சிரிப்பு அது, ஆயுசுக்கும் பார்த்தாயிற்று. முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்க்கிற பெரிய பரிசோதனையை ஓட்டுங்கள், எத்தனை நாள் ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாவது டிஸ்கில் வரிசை வரிசையாகப் பிழை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஐயா வந்து வேற ஒண்ணு எடுத்துக் குடுக்கணும்" என்றார். அப்பா கடைக்குப் போய் ஏழு டிஸ்கைத் தொட்டுப் பார்த்து ஒன்றை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் என் புருஷன் என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அந்தக் கடைக்காரர் இப்போதெல்லாம் எங்களைக் கண்டால் மணிக்கட்டைத் தளர்த்தி இரண்டு விரலை ஆட்டிக் காட்டுகிறார். ஆக, நம் மொழி பேசுகிறவர்கள் மூன்றேகால் பேர்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'டீச்சர்' என்கிற சொல்லைப் படமெடுக்கும்போது அப்பா தனியாக ஒரு கதை சொன்னார். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் அவரை வரச் சொல்லி, நீ வாய் ஓயாமல் பேசுகிறாய் என்று அரை மணி நேரம் புகார் சொன்னாராம். கூட நின்று நீதான் அவருக்குக் கையால் சொன்னாய். முழுவதையும் பாராட்டாக மாற்றிச் சொன்னாய். அவரும் டீச்சரைக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஏமாற்றிவிட்டோம் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா? அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். வார்த்தையை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது, நான் முகத்தைத்தான் படிப்பேன் என்று சொல்லிச் சிரிக்கிறார். அந்த நேரத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலை குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒன்றாம் எண் என்றார். நம் எல்லோருக்கும் அவர் கையால் வைத்த பெயர் உண்டே, உன்னுடையது உதட்டருகே படபடக்கும் நாலு விரல். சின்னவளுக்கு இதுவரை வைக்கவில்லை. நேற்றுத்தான் வைத்தார். முகத்துக்கு முன்னால் கை இரண்டு தடவை ஈ விரட்டுகிறது. மூன்றாம் தடவை அந்த ஈயைப் பிடித்து நெஞ்சில் வைத்து மூடிக்கொள்கிறது. அந்த இடத்தில் படம் கொஞ்சம் ஆடியிருக்கும், பொறுத்துக்கொள். முடித்துவிட்டு, சட்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

பெட்டியை ஏதாவது அலமாரிக்குள் தள்ளிவிடாதே, கூடத்தில் வை. முதல் தடவை ஓடும்போது உள்ளங்கையை வைத்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று அப்பாவுக்கு நீயே கையால் சொல். தப்பாக வந்தாலும் சொல். பிறகு சின்னவளை மடியில் உட்காரவைத்து ஒன்றாம் எண்ணைப் போட்டுக் காட்டு. அவள் அதைத் திருப்பிச் செய்கிற அன்று எங்களைக் கூப்பிடு. நான் அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். இந்தத் தடவை அவள் என்ன சொன்னாலும் தாத்தாவே பார்த்துக்கொள்வார்.

உன் வீட்டில் பேச்சு குறையாமல் இருக்கட்டும், கையிலும் வாயிலும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா