ஏழாம் தொட்டியின் மணல்

மார்ச் 4
இல்லை, தொட்டி காலியாக இல்லை. இன்று மட்டும் பதினோரு பேரிடம் சொன்னேன். மணலுக்குள் ஓர் ஆக்டோபஸ் இருக்கிறது. கடற்பாம்பாக, தட்டைமீனாக வேஷம் கட்டத் தெரிந்த ஜந்து. இருபது நிமிடம் பொறுத்தால் கண்கள் தெரியும். யார் பொறுக்கிறார்கள்? “மீன் காட்சியகத்துக்கு வந்து மண்ணைப் பாக்கவா?” ஒருவர் புகாரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 6
மணலை எடுக்கச் சொல்லிவிட்டார் மேலாளர்.
“போர்வையை உருவினாத்தாம்மா எந்திரிக்கும்.”
படித்ததையெல்லாம் திரட்டிப் பேசினேன். தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்தார்.
ஒன்பது வாளி. அள்ளியது நான்தான்.

மார்ச் 7
வெறும் கண்ணாடித் தரை. ஒரு மூலையில் அது, வெளிறிப்போய்.

மார்ச் 9
இதைவிடக் கேவலம் உண்டா? இனி தினம் இரண்டு காட்சி. முரட்டுக் குட்டிமீன்கள் இரண்டைத் தொட்டிக்குள் விட வேண்டும். அவை கொத்த வரும்போது ஆக்டோபஸ் இரு கைகளை எதிரெதிராக நீட்டி, கறுப்பு வெள்ளைப் பட்டையோடு பாம்பாகிவிடுகிறது. நான் மைக்கில், “பாருங்க, பாம்பு வேஷம்!” என்று சொல்ல வேண்டும். சிரித்தபடி.
கைதட்டுகிறார்கள்.
பம்ப் பார்க்கும் அண்ணன் கேட்டார்: “அது பயத்துல நடிக்குது. நீ எதுக்கும்மா நடிக்கிற?”
வேலை போய்விடும் என்றுதான். வேறென்ன.

மார்ச் 13
மூன்று நாளாக அது சாப்பிடவில்லை. போட்ட நண்டு அதன் முன்னாலேயே உலாத்துகிறது. அக்காவிடம் போனில் கத்தினேன்.
“என்கிட்ட கத்தி என்னடி ஆகப்போகுது? அங்க போய்க் கத்து.”
வைத்துவிட்டாள். திமிர். சரியாகத்தான் சொன்னாள்.

மார்ச் 14
நான்கு மணிக் காட்சி. மீன்களை விடவில்லை. மைக்கை எடுத்தேன்.
“இது வித்தை இல்லீங்க. உயிர் போயிடும்னு பயந்தாத்தான் இது பாம்பாகும். தினம் ரெண்டு தடவை அப்படிப் பயமுறுத்துறோம். ஒளிஞ்சுக்கற மண்ணையும் அள்ளிட்டோம். நான்தான் அள்ளினேன். இது சாப்பிட்டு நாலு நாளாச்சு.”
மைக்கை அணைக்கக்கூட மறந்துவிட்டேன். சே.
முன்வரிசையில் ஒரு பெண்மணி: “அட, அந்த மண்ணைப் போட்டுத் தொலைங்களேன்! பாக்க முடியலைன்னு இங்க யாரு அழுதா?”
கூட்டமே ஆமாம் என்றது. பின்னால் நின்ற மேலாளர் முகம் நிறைய அன்போடு முன்னால் வந்தார். “நாளைக்கே போட்டுடறோம்மா. எங்க திட்டமே அதான்.”
அடப்பாவி! வேஷம் மாற ஆக்டோபஸுக்குக்கூட இரண்டு நொடி ஆகும்.

மார்ச் 17
என்னை டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். ‘பேச்சுத் திறமையை முன்னிட்டு’ என்கிறது உத்தரவு. தூ.
சாப்பாட்டு இடைவேளையில் ஏழாம் தொட்டிக்குப் போனேன். மணல். மணல் மட்டும். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “காலி” என்று மனைவியிடம் சொல்லி நகர்ந்தார். போகட்டும்.
மூலையில் இரண்டு நண்டு ஓடுகள் கிடந்தன, உள்ளே துளி சதை இல்லாமல் சுத்தமாக. வலைக்கரண்டியால் எடுத்து வெளியே போட்டேன்.