அது முட்டையில்லை என்றாய்

இன்று காலை ஒரு மாணவி சுண்ணாம்புக் கல்லை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சட்டென்று உன் ஞாபகம் வந்துவிட்டது. எச்சில் பட்டால் கல்லின் துகள்கள் தெளிவாகத் தெரியும் என்பதால் ஜியாலஜி படிக்கிற எல்லோரும் செய்வதுதான். ஆனால் உன்னைப்போல ருசித்து நக்கியவர்களை நான் பார்த்ததில்லை.

ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த அரியலூருக்கு வெளியே இருக்கிற இந்தக் கள ஆய்வு மையத்துக்கு நாம் மாணவிகளாக வந்திருந்தபோது, கடைசி நாளில் ஓடையில் அந்தக் கல் கிடைத்தது. தேங்காய் அளவு, நல்ல உருண்டை. டைனோசர் முட்டை என்று வகுப்பே துள்ளியது. நீ மட்டும் நக்கிவிட்டு, "முட்டையாவது ஒண்ணாவது! உள்ள ஏதோ கடல் பூச்சி செத்துக் கெடக்குடி. அதைச் சுத்தித்தான் கல்லு கட்டியிருக்கு" என்றாய்.

நீ சுத்தியலை ஓங்கியதும் சார் கத்தினார். "முட்டையா இருந்து தொலைச்சா என்னம்மா பண்றது?"

பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கல்லை மையத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். வழி முழுக்க உம்மென்று வந்தாய். நம் காலேஜ் இருந்த குரும்பலூரில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாய். "என்னைக்காச்சும் வந்து உடைச்சுப் பாத்துடணும்டி. இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

சோறெல்லாம் நன்றாகத்தான் இறங்கியது. கல்யாணம், வேலை, ஆளுக்கொரு ஊர். போனில் பேசும்போதெல்லாம் கல்லைத்தான் முதலில் விசாரிப்பாய். நான் இங்கேயே பொறுப்பாளராக வந்த பிறகு, "நான் வர்ற வரைக்கும் தொட்டுடாத" என்று மிரட்டினாய். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் அதையேதான் சொன்னாய். நானும் தொடவில்லை, நீதான் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த மழைக்குக் கல் தானாகவே விரிசல் விட்டிருந்தது. மாணவிகள் சுற்றி நின்றுகொண்டு, "உடைச்சுடலாமா மிஸ்?" என்று நச்சரித்தார்கள். உளியை வைத்துத் தட்டினேன். இரண்டாகப் பிளந்தது. முட்டை இல்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று ஆசையாகக் குனிந்தேன். நீ சொன்ன கடல் பூச்சியும் இல்லை. வளையம் வளையமாகக் கல், நடுவில் விரல்நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி.

"ஒண்ணுமே இல்லையே மிஸ்" என்றாள் ஒருத்தி.

காலையில் கல்லை நக்கியவள் விடவில்லை. "ஏதோ இருந்து மக்கிப் போயிருக்கும்டி. இல்லன்னா எதைச் சுத்தி இவ்ளோ கல்லு வளரும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

என்னவாக இருந்திருக்கும்? நத்தையா, நண்டா, பாசித் துண்டா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எதைத் தெரிந்துகொண்டாலும் முதலில் உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.