சின்ன கியர் விழாத நாள்

என்னங்க, இன்று காலை வாசலில் ஜீப்புக்குக் கியர் ஆயில் மாற்றினார்கள். குடவாசலிலிருந்து வந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகைத் திறந்ததும், கறுத்துப்போன எண்ணெய் சட்டியில் கொட்டியது. அழுகின முட்டை போல அந்த நாற்றம். அதற்காக உங்கள் லுங்கிகளைக் கல்லில் அடித்துத் துவைத்தபடி உங்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! இன்று மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். "தள்ளி நில்லுங்கக்கா, சேலையில பட்டா போகாது" என்றார் மெக்கானிக். எனக்குத் தெரியாதா?

இந்த ஜீப்பை நீங்கள் ஏலத்தில் எடுத்து வந்தபோது உங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை நான். டிராக்டர் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கிழட்டு வண்டி எதற்கு என்று கேட்டேன். "நாலு சக்கரமும் இழுக்கும். சேத்துல கப்பலாட்டம் போகும் பாரு" என்றீர்கள். அந்த வருஷம் சம்பா அறுப்பில், நெல் மூட்டைகளோடு வாய்க்கால் கரையில் உங்கள் கப்பல் தரை தட்டியது. கிழக்கே மழை கருக்கிக்கொண்டு நின்றது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி அடித்தன. முன் சக்கரங்கள் எனக்கென்ன என்று நின்றன. கியர் பெட்டியையே இறக்க வேண்டும் என்று நீங்கள் தலையில் கை வைத்துவிட்டீர்கள்.

நான் இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரத்தின் நடுவில் கையால் திருப்புகிற குமிழ் இருக்கிறதே, இரண்டு பக்கமும் அதைத் திருப்பினால்தானே அந்தச் சக்கரங்கள் இழுக்கும்? நீங்கள் உங்கள் பக்கத்தை மட்டும் திருப்பியிருந்தீர்கள்.

"இந்தப் பக்கத்த யாரு திருப்புவா?"

"அதுக்குத்தானே உன்ன அந்தப் பக்கம் உக்கார வச்சிருக்கேன்!"

கொஞ்சமும் கூசாமல் சொன்னீர்கள். அன்றிலிருந்து இடது குமிழ் என் வேலையானது. குமிழைத் திருப்பிய பிறகும், முன் சக்கரங்களை இழுக்க வைக்கிற அந்தச் சின்ன கியர் விழாமல் அரைத்தது. "இழுத்தா ஒடிஞ்சிடும். பல்லுக்குப் பல்லு நேரா வரணும்" என்று சொல்லி, வண்டியைச் சற்றுப் பின்னால் விட்டுப் பிடித்தீர்கள். சட்டென்று விழுந்தது. மூட்டைகள் நனையாமல் வீடு சேர்ந்தன. அதற்குப் பிறகு எத்தனை அறுப்பு, எத்தனை சேறு. ஒவ்வொரு முறையும் பின்னால் போய்த்தான் முன்னால் போனோம்.

உங்களை எடுத்த அன்று ஐப்பசி அடைமழை. அமரர் ஊர்தி தார் ரோட்டோடு நின்றுவிட்டது. சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் சேறு. தோளில் தூக்கினால் வழுக்கிவிடும் என்று உங்களை நம் ஜீப்பின் பின்னால் கிடத்தினார்கள். உங்கள் தம்பி ஓட்டினார். பெண்கள் நாங்கள் வழக்கப்படி தெருமுனையில் நின்றுவிட்டோம். எங்கள் கண்ணெதிரிலேயே, மண் பாதையில் இறங்கிய இடத்திலேயே, வண்டி புதைந்தது.

தம்பி இழுக்க இழுக்கக் கியர் கர்ரென்று அரைத்தது. ஒவ்வொரு அரைப்புக்கும் உங்கள் தலை ஆடியது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சேற்றில் இறங்கிப் போனேன். இடது குமிழை யாரும் திருப்பியிருக்கவில்லை. திருப்பினேன். அப்போதும் கியர் விழவில்லை.

"தம்பி, வண்டிய கொஞ்சம் பின்னால விடுங்க" என்றேன்.

உங்கள் பெரியப்பா குறுக்கே வந்தார். "வேணாம்மா. வீட்ட விட்டுக் கிளம்பின சவம் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நம் தெருவில் எத்தனையோ பேரை அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம். தம்பி கியரிலிருந்து கையை எடுத்துவிட்டார். உங்கள் மேல் போர்த்திய கோடித் துணி மழையில் நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

"மாமா, அவரு உசுரோட இருந்தப்பவும் பின்னால போகாம இந்த வண்டி சேத்துல ஒரு நாளும் முன்னால போனதில்ல. அவரு எழுந்து வந்து சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். தள்ளுங்க."

பெரியப்பா துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக வண்டியின் முன்னால் போய்க் கை வைத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் இடது பக்கமாக எட்டிச் சின்ன கியரைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. என் கைக்குள் கியர் விழுந்தது. முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

உங்களை அனுப்பி வைத்தது இந்தக் கைதான் என்று பல நாள் அழுதிருக்கிறேன். அந்தக் கியர் விழாமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அந்தப் பாதையில் போனவர்கள் ஒருவரும் திரும்பியதில்லை. நீங்கள் மட்டும், ஊரே பார்க்க, நம் வீட்டுப் பக்கமாக ஒரு முழம் திரும்பி வந்தீர்கள். மிச்ச நாளுக்கு எனக்கு அது போதுங்க.