பதினான்காவது கதவு

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். போன இரண்டு கடிதங்களிலும் இதே வரியைத்தான் எழுதினேன், அப்போது அது பொய், இப்போது நிஜம். அம்மா ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று கேட்டிருந்தாய். நான்கு மாதத்துக்கு முன்பு படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். உனக்குப் பரீட்சை நேரம், மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். திட்டுவதானால் அவளைத் திட்டு.

கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை, பேனா நழுவியது. பிடிப்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள், மூன்றாம் நாள் அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது. "பந்தை அமுக்கி யாருக்கு என்ன லாபம், வேலை ஏதாவது இருந்தா குடுங்க" என்றாள். நான் அப்போது எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறை அலமாரிகளைப் பிடுங்கிப் போட்டுப் புதிது வைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தேன். மரம் நன்றாகத்தான் இருக்கிறது, நானே பெயிண்ட் அடிக்கிறேன் என்றுவிட்டாள். பதினான்கு கதவு. இந்தக் கையோடு நடக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னேன், என் வாய் உனக்குத் தெரியும்.

நடந்தது. கழற்றிக் கொடுத்தது மட்டும் நான். சோப்புத் தண்ணீரில் பிசுக்கெடுத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை இரண்டு கோட். முதல் கதவுக்கு உப்புத்தாளைத் துணியால் உள்ளங்கையோடு கட்டிக்கொண்டாள், ஆறாவது கதவில் துணியை அவிழ்த்துவிட்டாள். கடைசியில் கிளேஸ். பழுப்பாகக் கூழ் மாதிரி இருக்கும், பூசி உடனே துடைத்தால் கதவில் செதுக்கிய பள்ளங்களில் மட்டும் நிழல்போலத் தங்கும். நான் பதினான்காவது கதவைத் தொட்டுப் பார்த்து விரலில் ஒட்டவில்லை என்று அன்றைக்கே மாட்டிச் சாத்திவிட்டேன். காலையில் திறந்தால் ஓரத்துப் பெயிண்ட் அலமாரிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. மேலே காய்வது வேறு, உள்ளே இறுகுவது வேறு என்று மெஷின்களோடு கிடக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். நாற்பத்திரண்டு வயதாகியும் பொறுமைதான் வரவில்லை.

அம்மா கத்தவில்லை. "இது உங்க கதவு, நீங்களே பண்ணுங்க" என்றாள். மறுபடி தேய்த்து, அடித்து, கிளேஸ் பூசித் துடைத்தேன், பள்ளத்தில்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. "அழுக்கா அது, இப்படி விரட்டி விரட்டித் துடைக்கிறீங்க" என்று சிரித்து, இன்னொரு தடவை பூசி, துணியை வாங்கி, வலது கையால், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. கை நடுங்கவே இல்லை வாலு. இவ்வளவு சீரான அழுத்தத்துக்காக எங்கள் தொழிற்சாலையில் தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்கிறோம். நான் சொன்னது தப்பு என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆசி என்றும் உன்னோடு. வேளைக்குச் சாப்பிடு. வரும்போது அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கிற அந்தப் பதினான்காவது கதவை அறைந்து சாத்தாதே. இனிப் பேனாவை அவளிடம் கொடுக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இப்படிக்கு,
அப்பா

அம்மா. உங்கப்பா மாட்டின கதவுதான் கோணல், என் எழுத்து இல்லை.