மலையிலிருந்து தெரிந்த திரைச்சீலை

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், தையல் மெஷின் சுகம், என் முழங்காலுக்கு மட்டும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, முதுகு வலிக்காமல் இருக்கிறாய் என்றே நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் போனில் என்ன சொன்னாய், "அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எத்தனை நாள்மா மாடிப்படி ஏறுவே, வீட்டையும் கடையையும் வித்துட்டு லிஃப்ட் இருக்கிற இடமாப் போயிடுங்க" என்று. தரகரிடமும் பேசிவிட்டாய், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே தையல் கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி என்று இருந்தே பழகியவள் எங்கேடி போவேன்? ரோஷம் வந்துவிட்டது. வயல்களுக்கு அந்தப் பக்கம் காடு மூடி நிற்கிறதே குன்று, அதில் ஏறிக் காட்டிவிட்டுத்தான் பதில் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உச்சியிலிருந்து நம் வீடு அடையாளம் தெரியட்டும் என்று பழைய சிவப்புப் போர்வையை மாடிக் கொடியில் போடச் சொன்னேன்.

காலையில் கிளம்பினோம். முட்டைக்கோஸ் தோட்டம் வரை நான் ராணி மாதிரி நடந்தேன், மரங்களுக்குள் ஏற்றம் தொடங்கியதும் ராணி மூட்டையாகிவிட்டாள். சருகு வழுக்குகிறது, மூச்சு விசிலடிக்கிறது. பஸ் ஓட்டிய மனிதர் ரிட்டயரானாலும் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை போல, உன் அப்பா ஒவ்வொரு வளைவிலும் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா, போலாமா" என்கிறார். இருக்கிற ஒரே பயணி நான். ஆனாலும் உச்சிக்குப் போய்விட்டேன், பாதி நடந்தும் பாதி வேர்களைப் பிடித்துத் தொங்கியும்.

அங்கே யார் என்கிறாய், அப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அந்தப் பல் டாக்டரம்மா, பைனாகுலரோடு பறவை பார்த்துக்கொண்டிருந்தார். பறவையை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் திருப்பினார். "யார் வீட்டு மாடியிலயோ சிவப்பு வெல்வெட் தொங்குது பாருங்க, நான் உங்ககிட்ட தைக்கக் குடுத்த திரைச்சீலை மாதிரியே இருக்கு" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா மரத்தைப் பார்த்தார். "போர்வை சின்னதுடி, தூரத்துக்குத் தெரியாது, அதான் பெருசா ஒண்ணு..." என்று காதில் முனகுகிறார். "அந்தக் கலரை இப்ப எல்லாரும் வாங்குறாங்க டாக்டரம்மா" என்று சமாளித்தேன். அவரும் விடவில்லை, "டீ குடிச்சிட்டு இறங்கறேன், போற வழியில அப்படியே என் திரைச்சீலையை வாங்கிக்கறேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் இறங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். எந்த வளைவிலும் வண்டி நிற்கவில்லை. அப்பா பின்னால் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே ஓடிவருகிறார், சுரைக்காய் மாதிரி உருண்டு வயலுக்கு வந்து, தெருவைத் தாண்டி, கடையைத் தாண்டி, மாடிக்குப் போய்த் திரையை உருவினேன். ஓரத்தில் காக்கை தன் கையெழுத்தைப் போட்டிருந்தது, அந்த இடத்தை மடித்துத் தைத்துவிட்டேன். டாக்டரம்மா வந்து துணியைத் தடவி, சூடாக இருக்கிறதே என்றார். இப்போதுதான் இஸ்திரி போட்டேன் என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி, "அடுத்த வாரமும் மலைக்குப் போவேன், அப்ப பச்சைத் துணி போடுங்க, சிவப்பு காக்காய்க்குப் பிடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்பா சிரித்த சிரிப்பில் கட்டுப்பல் கழன்று தையல் மெஷினில் விழுந்தது.

அவர் போன பிறகுதான் உறைத்தது, இரண்டு மாடியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறியிருக்கிறேன். முட்டி வலிக்கவே மறந்துவிட்டது, இரவு ஞாபகம் வந்து கொஞ்சம் திட்டியது, அவ்வளவுதான்.

மகராசியாக இரு, குளிரில் காதை மூடிக்கொள். தரகரிடம் மறக்காமல் சொல், அம்மா மேலே இருக்கிறாள், இறங்கி வர நேரமில்லை என்று.

இப்படிக்கு,
மலையேறிய உன் அம்மா
(அருகில் பல்லைத் தேடும் அப்பா)